படுத்திருக்கும் மானைச் சுடக்கூடாது

படுத்திருக்கும் மானைச் சுடக்கூடாது, அது தானாக எழும்பிப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரைக்கும் பொறுக்கவேண்டும் என்று எய்லி என் காதுக்குள் சொல்லி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. மான் எழும்பவில்லை. எனக்கு முன்னால் துவக்கு, துவக்குக்கு முன்னால் நூற்றிருபது மீற்றர் காய்ந்த புல்லும் பழுப்புப் புதரும், அதற்கப்பால் ஒரு சரிவில் பதினொரு பெண்மான்கள், அதில் இடப்பக்கமிருந்து மூன்றாவதாகப் படுத்திருப்பது என்னுடையது. என்னுடையது என்று யார் சொன்னது, எய்லிதான் சொன்னாள், இவ்வளவு நேரமும் பார்த்தேன், ஒரு குட்டியும் அதனிடம் போகவில்லை, குட்டியில்லாத மான், அதுதான் உம்முடையது என்றாள். எய்லியின் ஆங்கிலத்தில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, என் காதில் அது நீர் என்றுதான் விழுகிறது, என் புருசன் நிமலன் என்னோடு கதைப்பது மாதிரி. வயிறு நனைந்துவிட்டது. இந்த ஜக்கெற்றுக்குள் தண்ணி போகாது என்று கடைக்காரன் சொன்னான், அவன் ஒருநாளும் ஸ்கொட்லாந்து மலையில் நவம்பர் மாதம் குப்புறக் கிடந்திருக்கமாட்டான். இடது காலின் சின்ன விரல் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை, அசைத்துப் பார்க்கலாம், அசைத்தால் சப்பாத்து அசையும், சப்பாத்து அசைந்தால் புல் அசையும், அங்கே பதினொரு சோடிக் காதுகள். எழும்பாதே என்று மனசுக்குள் சொல்கிறேன். சொன்ன உடனே பயம், பக்கத்தில் தோளோடு தோள் முட்டக் கிடக்கிற எய்லிக்கு அது கேட்டிருக்குமோ என்று. அவள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மூக்கு நுனியில் ஒரு துளி தண்ணி தொங்குகிறது, அதைத் துடைக்கவும் இல்லை. என்னைவிட ஐந்து வயது குறைந்தவள், மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவள், பெயரை எழுதுவது ஒருமாதிரி, சொல்வது வேறுமாதிரி, நான் முதல் நாள் எழுதியிருந்தபடி வாசித்து அவள் சிரித்து, எய்லி என்று சொல்லும், போதும் என்றாள். என்னை அவள் சுக்கி என்கிறாள். சுகிர்தா என்பது இங்கே ஒருவருடைய வாயிலும் நிற்பதில்லை.

மரம் நடுகிற வேலைக்கு வந்தவள் நான், ஆறு வருசமாக நடுகிறேன், தோளில் பை, கையில் ஒடுங்கின மண்வெட்டி, ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு கன்று, பேர்ச், றோவன், பைன், நட்டுவிட்டுப் போய் அடுத்த வசந்தத்தில் வந்து பார்த்தால் பாதிக்கு மேல் தலை இல்லாமல் நிற்கும். கத்தரித்ததுபோல் இல்லை, மானுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை, அது கடித்து இழுக்கிறது, கன்றின் நுனி கிழிந்து நார் நாராகத் தொங்கும், அதைப் பார்த்தாலே மான் என்று தெரியும். வேலி போட்டோம். பனி வேலிக்கு மேலே குவிந்தது, மான்கள் பனியில் ஏறி உள்ளே வந்தன. பிறகுதான் எங்கள் மேற்பார்வையாளர், தாடிக்காரன், கூட்டத்தில் சொன்னான், வெளியிலிருந்து ஆள் பிடிக்கிறதைவிட எங்களில் ஒருவர் பயிற்சி எடுத்தால் நல்லது, நாலு நாள் வகுப்பு, யார் போகிறீர்கள் என்று. என்னோடு நடுகிற நாலு ஆம்பிளைகளும் மேசையைப் பார்த்தார்கள். என் கை உயர்ந்தது. ஏன் உயர்ந்தது. இந்த ஒரு மணித்தியாலமாக இதைத்தான் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறேன், கன்றுகளுக்காக என்று சொல்லலாம், சம்பளம் கூடும் என்று சொல்லலாம், அந்த நாலு பேருக்கும் முன்னால் ஒரு வீம்பு என்றும் சொல்லலாம், எல்லாம் சரி, ஆனால் கை உயர்ந்தபோது இது ஒன்றும் மனதில் இருக்கவில்லை, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையின் கை உயர்வதுபோல் உயர்ந்தது. நிமலனுக்குச் சொன்னபோது வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றார், ஊரூராகப் பார்சல் கொண்டுபோகிற வேலை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "உமக்கென்ன விசரே? எங்களுக்கு ஏன் இந்தத் துவக்கு வேலை? பட்டது காணாதே?" என்றார். பிறகு இரவுச் சாப்பாட்டில், "போறதெண்டால் போம். கையுறை நல்லதா வாங்கும்," என்றார். அதுக்கு மேல் கேட்கமாட்டார். பதினோரு வருசமாக அவர் கேட்காததிலே நான் இருக்கிறேன். அவருக்குத் தெரிந்தது, ஊரில் சண்டை நேரம் இயக்கம் என்னைப் பிடித்துக்கொண்டு போனது, பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள், பிறகு தப்பி வந்தேன். அவ்வளவும் உண்மை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

முதல் நாள் ஊர் மண்டபத்தில் ஆறு பேர் சுற்றி இருந்தோம், நான் மட்டும் பெண், நான் மட்டும் கறுப்பு, மேசையில் ரீயும் பிஸ்கற்றும், நடுவில் குண்டில்லாத ஒரு துவக்கு. எய்லி அதை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாற்றச் சொன்னாள், பாரம் எப்படி என்று பிடித்துப் பாருங்கோ, பயப்பிட ஒன்றும் இல்லை என்று. எனக்கு முந்தின ஆள், மரம் அரிந்து விற்கிற மரக்காலை வைத்திருக்கிற ஒரு பெரியவர், குழல் என் நெஞ்சைப் பார்க்கும்படி நீட்டினார். நான் வாங்கினேன். வாங்கின கை குழலை நிலத்துக்குத் திருப்பியது, மற்றக் கை பூட்டை இழுத்துத் திறந்தது, கண் உள்ளே பார்த்தது, சின்னவிரல் உள்ளே போய்த் தடவியது, வெறுமை, பிறகு மூடாமல் திறந்தபடியே அடுத்த ஆளிடம் கொடுத்தேன். இரண்டு செக்கன் இருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை, எய்லி பார்த்தாள். ரீ இடைவேளையில் கோப்பையோடு பக்கத்தில் வந்து, "முந்திப் பழக்கமோ, சுக்கி?" என்றாள். "இல்லை," என்றேன். "யூரியூப்பில பாத்தனான்." அவள் தலையாட்டினாள். சீனி எடுத்துப் போட்டாள். நான் யூரியூப்பில் என்ன பார்த்திருக்கிறேன், புட்டுக்கு மா குழைப்பது பார்த்திருக்கிறேன். சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவுவது எந்தப் படத்திலும் இல்லை, அது இசைமதி அக்கா சொல்லித்தந்தது, கண் பொய் சொல்லும் பிள்ளை, விரல் சொல்லாது. இரண்டாம் நாள் இலக்கில் சுடவிட்டார்கள், நூறு மீற்றரில் உள்ளங்கை அளவு வட்டம், மூன்று குண்டு, மூன்றும் வட்டத்துக்குள் விழவேண்டும். பிழையாகச் சுடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன், ஒன்றையாவது வெளியே விடுவோம், முதல்முறை சுடுகிற பெண் எப்படிச் சுடுவாளோ அப்படி. கன்னத்தைத் துவக்குக் கட்டையில் வைத்ததும் மூச்சு தானாக இறங்கி, பாதியில் நின்றது. மூன்றையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடலாம். ஆம்பிளைகள் கை தட்டினார்கள். மரக்காலைக்காரர் தோளில் தட்டினார். எய்லி தட்டவில்லை, இலக்குத் தாளைக் கழற்றிச் சுருட்டி என்னிடம் தந்து, "வைச்சிரும்," என்றாள். அது இப்ப என் பைக்குள் கிடக்கிறது, எறியவும் முடியவில்லை. மூன்றாம் நாள் எழுத்துச் சோதினை, ஐம்பது கேள்வி, நாற்பத்தெட்டு சரி. இன்றைக்கு நாலாம் நாள், ஒரு ஆளுக்கு ஒரு மலை, ஒரு மான்.

ஊரில் எங்களைப் பழக்கினதும் நாலு நாள்தான். இதை நினைக்கக்கூடாது என்று மலை ஏறும்போதே முடிவுகட்டினேன், ஏறுகிறபோது மூச்சு வாங்கினது, அதால் நினைப்பு வரவில்லை, படுத்ததும் வந்துவிட்டது, கிடையாகக் கிடந்தால் எல்லாம் வரும். எனக்குப் பதினேழு வயது. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து இழுத்துக்கொண்டு போனார்கள், அம்மா என் சட்டையைப் பிடித்தபடி கொஞ்சத் தூரம் இழுபட்டு வந்தா, சட்டை கிழிந்தது, அம்மா நின்றுவிட்டா. முதல் நாள் கழற்றிப் பூட்டப் பழக்கினார்கள், இரண்டாம் நாள் ஓட, மூன்றாம் நாள் படுக்க, நாலாம் நாள் மூன்று குண்டு சுட. அங்கே சோதினை இல்லை, ரீயும் இல்லை. இசைமதி அக்காதான் எங்களுக்குப் பொறுப்பு, இருபத்துமூன்று வயதிருக்கும், ஒரு கண்ணில் பூ விழுந்தமாதிரி வெள்ளை, கெட்டவ என்று சொல்லமுடியாது, தன்னுடைய சோற்றில் பாதியை எனக்குத் தந்தவ. இப்ப மான் காதைத் திருப்புகிறது. எய்லியின் முழங்கை என் முழங்கையை மெல்ல அமத்துகிறது. திருப்பினது, திரும்ப வைத்துவிட்டது. எழும்பவில்லை. மூச்சை விடுகிறேன், மூச்சு வெள்ளையாகப் போகிறது, காற்று எங்கள் முகத்துக்கு அடிக்கிறது, எங்கள் மணம் அங்கே போகாது, அவற்றின் மணம்தான் இங்கே வருகிறது, ஈரக் கம்பளி, புளித்த புல், மாட்டுக் கொட்டில் மாதிரி ஒன்று. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணைக்குக் கூப்பிட்ட அலுவலகத்தில் நல்ல மணம் இருந்தது, தோடம்பழத் தோல் மாதிரி, அந்த வெள்ளைக்காரப் பெண் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், உமக்கு ஆயுதம் தந்தார்களா. தந்தார்கள். நீர் அதைப் பாவித்தீரா. மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், கேள்வியைத் தமிழில் சொல்லும்போது தன்பாட்டில் தலையை மெல்ல இடம் வலமாக ஆட்டினார், இல்லையெண்டு சொல்லு பிள்ளை என்கிற மாதிரி. இல்லை என்றேன். பாவிக்கவில்லை. அவள் எழுதினாள். அது எழுதியபடி எங்கேயோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. துவக்கு லைசன்சுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெட்டியைத் திறப்பார்களோ, இந்தக் கேள்வி மூன்று கிழமையாக என்னைத் தின்கிறது, தெரிந்துகொண்டே ஏன் கையை உயர்த்தினாய், திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

ஒரு வெடிதான். விடியற்புறம், வெளிச்சம் வந்துவிட்டது, நீரேரி ஈயம் மாதிரிக் கிடந்தது. நாங்கள் மண்ணணையில் படுத்திருந்தோம். சனம் தண்ணிக்குள் இறங்கி ஆமி நின்ற அந்தக் கரைக்குப் போகத் தொடங்கியது, முதலில் ஒரு குடும்பம், பிறகு பத்து, பிறகு எண்ண ஏலாது, நெஞ்சளவு தண்ணி, தலையில் மூட்டை, தோளில் பிள்ளை, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு கயிறு மாதிரி. இசைமதி அக்கா என் பக்கத்தில் வந்து படுத்து, "ஆக்களுக்கு மேலால ஒரு வெடி வை. பயந்து திரும்பி வருவினம்," என்றா. நான் அவவைப் பார்த்தேன். "மேலாலதானே சொல்லுறன், வை," என்றா, அவவுக்குப் பின்னால் ஆரோ நின்றார்கள், அவவுடைய குரலும் தன்னுடையதாய் இருக்கவில்லை. நான் குழலை உயர்த்தினேன். உயர்த்தினேன் என்பது நிச்சயம். எவ்வளவு உயர்த்தினேன் என்பதுதான். மூச்சு பாதியில் நின்றது. சுட்டேன். தண்ணியில் எல்லோரும் ஒரேயடியாகக் குனிந்தார்கள், நெஞ்சளவு தண்ணியில் குனிந்தால் தலை உள்ளே போகும், பிறகு தலைகள் எழும்பின, திரும்பிவரவில்லை, முன்னுக்குத்தான் போனார்கள், வேகமாகப் போனார்கள். ஒரு மூட்டை மட்டும் மிதந்தது. ஊதாத் துணியில் கட்டின மூட்டை, தனியாக. பயத்தில் விட்டிருப்பார்கள். தலையில் மூட்டையோடு குனிந்தால் மூட்டை விழத்தான் செய்யும். விழுந்தால் எடுக்கமாட்டார்களோ, எடுக்க நேரம் இல்லை, வெடி விழுகிறது, ஆர் நின்று எடுப்பது. மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்ற மாதிரியும் இருந்தது, நிற்காத மாதிரியும் இருந்தது. பதினேழு வருசமாக நான் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், குனிவதற்கு முன்னம் எத்தனை, எழும்பினதுக்குப் பின்னம் எத்தனை, ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு. இரண்டு நாளைக்குப் பிறகு துவக்கைப் பற்றைக்குள் போட்டுவிட்டு நானும் அதே தண்ணியில் இறங்கினேன், அதே இடம், அந்த மண்ணணையிலிருந்து நேரே. அப்போது பார்த்திருக்கலாம். தண்ணி கலங்கலாக இருந்தாலும் காலுக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். ஒருமுறை காலில் ஏதோ மெத்தென்று பட்டது, சேறு என்று நினைத்தேன், சேறாகத்தான் இருக்கும், கீழே குனியவில்லை. எனக்கு முன்னால் போன கிழவி ஒருவர் செல்வச்சந்நிதி முருகா என்று சொல்லிக்கொண்டே போனா, நான் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போய்க் கரையேறினேன். மேலாலதான் சுட்டேன். தவறின வெடி அது. சுட்ட ஆளுக்குத் தெரியாதா.

எய்லியின் கை என் முதுகில் பட்டது. "எழும்புது," என்றாள்.

முன்னங்கால் முழங்கால் ஊன்றி, பின்பக்கம் முதலில் உயர்ந்து, அது ஆறுதலாக எழும்பியது, அவசரம் இல்லாத ஒரு பொம்பிளை கதிரையிலிருந்து எழும்புவதுபோல. உடம்பை உதறியது, தண்ணி தூள் தூளாகப் பறந்தது. நேரே எங்களைப் பார்த்தபடி நின்றது. "பொறும்," என்கிறாள் எய்லி. "நெஞ்சு இந்தப் பக்கம் இருக்கு. பொறும்." கன்னம் கட்டையில். துவக்கின் கண்ணாடிக்குள் அதன் மூக்கிலிருந்து ஆவி போகிறது, உதடு அசைகிறது, எதையோ மெல்லுகிறது, என் கன்றில் ஒன்றாக இருக்கும், என் கன்று என்று நினைத்தால் சுடலாம், கன்றை நினை, கிழிந்த நுனியை நினை. தூறல் தொடங்கிவிட்டது. போய்விடு என்று நினைக்கிறேன், திரும்பாதே, அப்படியே நட. அது இரண்டு அடி வைத்துத் திரும்பியது, பக்கம் முழுக்க எனக்குத் தந்து நின்றது, பின்னால் மலைச் சரிவு, குண்டு வேறெங்கும் போகாது, எல்லாம் சரி, ஐம்பது கேள்வியில் முப்பத்தோராவது கேள்வி மாதிரி எல்லாம் சரி. "முன்னங்காலுக்குப் பின்னால, மூண்டில ஒரு பங்கு மேல," என்றாள் எய்லி. "உமக்குச் சரியெண்டால் மட்டும்." மூச்சு இறங்கியது, பாதியில் நின்றது, விரல். துவக்குத் தோளை உதைத்தது. கண்ணாடிக்குள் வெறும் வானம், திரும்பக் குழல் இறங்கியபோது பதினொரு மானும் ஓடுகின்றன, ஒன்றும் விழவில்லை, ஒன்றும் தடுமாறவில்லை, பழுப்பு முதுகுகள் ஒன்றோடொன்று கலந்து மேட்டைத் தாண்டி இறங்கிப் போய்விட்டன. மலை வெறுமை. "தவறிட்டுது," என்றேன். என்னுடைய குரலில் சந்தோசம் இருந்தது, எனக்கே கேட்டது. அடுத்த குண்டை ஏற்றியிருந்தேன், எப்போது ஏற்றினேன் என்று தெரியவில்லை. "தவறிட்டுது எய்லி, மேலால போட்டுது."

"அசையாதையும்," என்றாள். "தெரியேல்லை எனக்கு. கண்ணாடியெல்லாம் மழைத்துளி. பத்து நிமிசம் இருப்பம், பிறகு போய்ப் பாப்பம்."

"என்னத்தைப் பாக்க? எல்லாம் ஓடிட்டுதே."

"பாக்கத்தான் வேணும். சுட்டால் போய்ப் பாக்கவேணும், தவறினாலும்."

"எனக்குத் தெரியும் தவறினது. மேலால போனது எனக்குத் தெரியும்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை," என்றாள் எய்லி, கோபமில்லாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

பத்து நிமிசம். இப்படி ஒரு பத்து நிமிசத்தை நான் வாழ்ந்ததில்லை, அங்கேயும் இல்லை. சுட்டால் போய்ப் பார்க்கவேண்டும். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், கதவு திறந்தால் மூடவேண்டும் என்கிறமாதிரி. இதை வகுப்பிலும் சொல்லியிருப்பாள், நான் எழுதியும் இருப்பேன், சோதினையில் சரியான பெட்டிக்குக் கோடும் போட்டிருப்பேன், காதால் போய்க் கையால் வந்திருக்கிறது, உள்ளே தங்கவில்லை. எழும்பி நடந்தபோது முழங்கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. பாதி வழியில், திரும்பிப் போவோம், வெளிச்சம் போகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், மணி இரண்டுகூட ஆகவில்லை. மான்கள் படுத்த இடத்தில் புல் வட்டம் வட்டமாக அமுங்கியிருந்தது, கையை வைத்தால் இளஞ்சூடு. குளம்புகள் கறுத்த மண்ணைக் கிளறியிருந்தன. எய்லி குனிந்து கிட்டக் கிட்டப் பார்த்தாள், நான் நின்றபடி பார்த்தேன், இரத்தம் இல்லை. "பாத்தீரோ, ஒண்டும் இல்லை," என்றேன். "குனிஞ்சு பாரும், சுக்கி," என்றாள். குனிந்தேன். புல், மண், புழுக்கை, மழைத்துளி. நிம்மதி தொண்டைவரைக்கும் வந்தது. அப்போது அவள் இரண்டு விரலால் எதையோ எடுத்தாள், வெட்டி விழுந்த மயிர், ஒரு சிட்டிகை, நுனி பழுப்பு, அடி சாம்பல். "இது நெஞ்சுப் பக்கத்து மயிர்," என்றாள். ஆறேழு அடி முன்னால் போனாள், நின்றாள், கையைக் காட்டினாள். புல்லின் ஒரு தாளில், முழங்கால் உயரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு துளி, நுரை நுரையாக, சின்னப் பிள்ளையின் வாயில் பால் நுரைக்கிற மாதிரி. அதுக்கப்பால் இன்னொன்று. அதுக்கப்பால் புதரில் தேய்த்தபடி ஒரு கோடு. நான்தான் முன்னால் போனேன், எய்லி பின்னால் வந்தாள், எழுபத்திரண்டு அடி, எண்ணினேன், மேட்டைத் தாண்டி இறங்கினால் ஓடைக்கரையில் பக்கவாட்டில் கிடந்தது. கண் திறந்திருந்தது. எய்லி ஒரு தடியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள், இமை அசையவில்லை. "நுரையீரல் இரண்டுக்குள்ளாலயும் போயிருக்கு," என்றாள். "அதுக்கு என்ன நடந்ததெண்டே தெரிஞ்சிருக்காது. மற்றதுகளோட ஓடியிருக்கு, ஓடுற வேகத்தில விழுந்திருக்கு. நல்ல வெடி, சுக்கி. வடிவான வெடி." கையை நீட்டினாள், குலுக்குவதற்கு.

நான் கையைக் கொடுக்கவில்லை. ஈரத்தில் இருந்துவிட்டேன். ஓடைத்தண்ணி மானின் பின்னங்காலில் பட்டுப் பட்டுப் போனது. தவறினது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், கால் மணித்தியாலத்துக்கு முன்னம் இந்த மலையில் வேறு எதையும்விட அது எனக்கு நிச்சயம், மேலால் போனதைக் கண்ணால் கண்டமாதிரி, அது ஓடினதை நான் பார்த்தேன், தடுமாறவில்லை, மற்றதுகளோடு மற்றதாக முன்னுக்குத்தான் ஓடியது. சுட்ட ஆளுக்குத் தெரியாதா. தெரியாது. சுட்ட ஆளுக்குத்தான் தெரியாது. எய்லி பக்கத்தில் குந்தினாள். முதல் மானுக்கு அழுதவர்களைப் பார்த்திருப்பாள், சத்தி எடுத்தவர்களைப் பார்த்திருப்பாள், தெர்மோசைத் திறந்து ஊற்றித் தந்தாள். நான் வாங்கிக் கையில் வைத்திருந்தேன்.

"முதல் நாள் நீர் கேட்டனீர்," என்றேன். "முந்திப் பழக்கமோ எண்டு."

"ஓம்."

"நான் பொய் சொன்னனான்."

"ம்," என்றாள். "நினைச்சனான்."

"பிறகேன் திரும்பக் கேக்கேல்லை?"

"நீர் மறைச்ச மாதிரி எனக்குத் தெரியேல்லை. கை தன்பாட்டில செய்த மாதிரித்தான் தெரிஞ்சுது. அதை எப்பிடிக் கேக்கிறதெண்டு எனக்குத் தெரியாது." கையுறையைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள். "இண்டைக்கு உம்மைப் பற்றி நான் எழுதிக் குடுக்கவேணும். அதில முன்னனுபவம் எண்டு ஒரு இடம் இருக்கு. நீர் சொன்னபடி எழுதினால் இல்லை எண்டு எழுதுவன். வேற மாதிரி எழுதினால் லைசன்ஸ் ஆக்கள் கூப்பிட்டுக் கேப்பினம். எவ்வளவுக்குக் கேப்பினமெண்டு எனக்குத் தெரியாது, சுக்கி. சும்மா சொல்லமாட்டன், தெரியாது."

தோடம்பழத் தோல் மணக்கிற அந்த அறை, தலையை ஆட்டின ஐயா, பெட்டிக்குள் கிடக்கிற என்னுடைய இல்லை. ஆறு வருசக் கன்றுகள், எங்கள் வாடகை வீடு, நிமலனின் வான், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலே அந்த ஒரு சொல்லை வைத்திருக்கிறேன். இழுத்தால் என்ன ஆகும். மானின் கண்ணில் மழை விழுகிறது, அது மூடவில்லை.

"உண்டு எண்டு எழுதும்," என்றேன். "ஒரு வெடி எண்டு எழுதும். போய்ப் பாக்கேல்லை எண்டும் எழுதும்."

எய்லி என்னைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்தாள், இதுவும் பயிற்சியில் சேர்த்தி, குடல் எடுத்தால்தான் இறைச்சி பழுதாகாது, நாலாம் நாள் அதையும் நானேதான் செய்யவேண்டும். "ஏலாதெண்டால் நான் செய்யிறன்," என்றாள். நான் கோப்பையை வைத்துவிட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தேன். எங்கே கீறுவது, எங்கே விரலை வைத்துத் தோலை உயர்த்துவது என்று அவள் சொல்லச் சொல்லச் செய்தேன், உள்ளே நெருப்புக்குக் கிட்ட வைத்தமாதிரிச் சூடு, மரத்த விரல்கள் அந்தச் சூட்டில் நோகத் தொடங்கின, உயிர் வருகிற நோ. நெஞ்சுக்குள் கையை விட்டு நுரையீரலை நான்தான் வெளியே எடுத்தேன், இளஞ்சிவப்பாய், பஞ்சு மாதிரி, நடுவில் கிழிந்து கறுத்த ஓட்டை. பெருவிரல் உள்ளே போனது. பார்த்தேன், நல்லாகப் பார்த்தேன், மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஓடையில் கையைக் கழுவினேன். எய்லி மானின் கால்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு, கீழே போய் எட்டுச் சில்லு வண்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னாள், முக்கால் மணித்தியாலம் ஆகும், இருப்பீரோ தனியா. இருப்பேன் என்றேன். அவள் இறங்கிப் போவது தெரிந்தது, பிறகு தொப்பி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

மேட்டின் உச்சியில் ஏறினால் போனில் இரண்டு கோடு வந்தது. விரல் ஈரத்தில் வழுக்கி மூன்றாம் முறைதான் எடுபட்டது. மணி அடிக்கும்போதே வைத்துவிடுவோமா என்று நினைத்தேன், வேலை நேரம், இரவு வீட்டில் ஆறுதலாகச் சொல்லலாம், இரவு என்றால் சோறு போடவேண்டும், கறி சூடாக்கவேண்டும், அவர் களைத்துப்போய் வருவார், நாளைக்கு என்பேன், நாளைக்கு என்றால் எனக்குத் தெரியும்.

"என்ன, முடிஞ்சுதோ?" நிமலனின் குரல், பின்னால் வானின் உறுமல், ரேடியோ. "விழுந்ததோ மான்?"

"விழுந்தது."

"பிறகென்ன! பாஸ்தானே! குரல் ஏன் இப்பிடி இருக்கு, குளிரோ?"

"நிமலன், வானை ஓரமா நிப்பாட்டும்."

"ஏனப்பா? உமக்கு என்னவும் நடந்ததே? ஆருக்கும் பட்டதே?"

"எனக்கொண்டுமில்லை. நிப்பாட்டும். ஒண்டு சொல்லவேணும், நான் முடிக்கும்வரைக்கும் ஒண்டும் கதைக்காதையும்."

சிக்னல் விளக்கின் டிக் டிக் கேட்டது, சரளைக் கல்லில் சில்லு ஏறுகிற சத்தம், ரேடியோ நின்றது, இஞ்சினும் நின்றது. அந்தப் பக்கம் மழை வானின் கூரையில் விழுவதுகூடக் கேட்டது.

"சொல்லும்," என்றார்.

"ஊரில நான் ஒரு வெடி வைச்சனான்," என்றேன். "தண்ணிக்குள்ள சனம் நிண்டது."